தலைவரில்லாத நகரத்துக்கு ஆசைப்பட்டவர்

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எஸ்பியர்க்கிலிருந்து தவராசா அண்ணையின் மனைவி மலர் அக்கா அழைத்தார். "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். உமக்குத்தான் முதல் சொல்லுறன்" என்றார். ஒற்றைச் சப்பாத்துடன் அப்படியே படியில் இருந்துவிட்டேன். இனி இந்த டென்மார்க்கில் நான் யாருடன் சண்டை பிடிப்பது?

தவராசா அண்ணையைப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். எஸ்பியர்க் துறைமுகத்தில் காற்றாலை உறுப்புகளை ஏற்றும் வேலை செய்தபடி, அரசாங்கமே தேவையில்லை என்று வாதாடிய மனிதர் அவர். நானோ ரண்டர்ஸ் கொம்யூனில், அதாவது நகரசபையில், சம்பளம் வாங்குபவன். கண்டவுடன் "வாரும், அரசாங்கம்!" என்றுதான் கூப்பிடுவார். "அரசாங்கம் எண்டது, ஐசே, நீர் கேளாமலே சமைச்சு வைச்சிட்டுப் பிறகு காசு கேக்கிற சாப்பாட்டுக்கடை" என்பார். அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, பழிதீர்க்கவென்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "என்ன அண்ணை, அரசாங்கம் கேளாமலே வெட்டித் தைச்சுப் போட்டுதோ?" சிரித்தால் தையல் நோகும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இல்லை ஐசே, ரெண்டு தரம் கேட்டுத்தான் வெட்டினவை. அதைத்தான் நானும் சொல்லுறன்."

சில வருடங்களுக்கு முன், தூரத்துக் கடற்கரை ஒன்றில் ஒரு கம்பெனி தனியார் நகரம் கட்டுவதாக எங்கோ வாசித்துவிட்டு வந்தார். அங்கே மந்திரி இல்லை, வரி இல்லை. குடியிருப்பவருக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் மட்டும். கொடுக்கல் வாங்கல் எல்லாம் டிஜிட்டல் நாணயத்தில். எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து அதில் ஒரு தெரு எடுக்க வேண்டும் என்றார். "நாடு கேட்டுக் களைச்சுப்போனம். ஒரு தெருவை வாங்கிப் பாப்பம்." அந்தச் சொல்லில்தான் நானும் விழுந்தேன்.

முதல் கூட்டம் அவர் வீட்டில். தலைவரே இல்லாத நகரத்தைப் பற்றிக் கதைக்க வந்த சனம், பற்றிஸ் பலகாரத் தட்டு காலியாகுமுன் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெரிவுசெய்துவிட்டது. உபதலைவர் பதவிக்கு இரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஆட்களை எந்தக் கடற்கரையில் இறக்கினாலும் முதலில் நிர்வாகசபைதான் முளைக்கும். தலையில் கைவைத்துக்கொண்டிருந்த தவராசா அண்ணை, பிறகு கண்ணீர் வரச் சிரித்தார்.

ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. யாரும் எப்போதும் விலகலாம், மற்றவர்கள் ஏன் என்று கேட்கக் கூடாது, கோபிக்கவும் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். என்னால் ஆட்ட முடியவில்லை. இஷொய் என்ற ஊரில் என் சொந்த அண்ணன் நடத்திய சங்கத்திலிருந்து விலகியவன் நான். அன்றிலிருந்து அண்ணன் என்னுடன் கதைப்பதில்லை. என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குக்கூட வரவில்லை. எங்களுக்குள் விலகியவன் செத்தவன் கணக்கு.

ஆகவே, போகப்போக அந்த நகரத்தில் எனக்கு நம்பிக்கை குறைந்தபோது பயந்துதான் போனேன். கம்பெனி நினைத்தால் எங்களை வெளியேற்றலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவன் அதில் எப்படிக் கையெழுத்து வைப்பது? நகரம் போனால் போகட்டும், இந்த மனிதரையும் இழக்க வேண்டுமா என்றுதான் வழி முழுக்க யோசனை. எஸ்பியர்க் போய் வாசலில் நின்றபடியே, "அண்ணை, நான் விலகிறன்" என்றேன். அவர் முகம் வாடியது. அதை மறைக்கவும் இல்லை. "கவலையாத்தான் கிடக்கு, ஐசே. ஆனா நீர் வாசலிலை நிண்டு சொல்லுறதுதான் எனக்கு இன்னும் கூடக் கவலை. உள்ளுக்கு வாரும்." ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. மலர் அக்கா இடியப்பம் வைத்தார், சாப்பிட்டோம். அடுத்த சனிக்கிழமை வழமைபோல் தொலைபேசி வந்தது: "என்ன அரசாங்கம், சுகமோ?"

பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். கம்பெனிக்கும் அந்தக் கடற்கரை இருந்த நாட்டுக்கும் வழக்கு முற்றியது, நாணயம் விழுந்தது, தெரு வரவேயில்லை. "நட்டமோ அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன். "நட்டந்தான். ஆனா ஒருத்தரையும் பிடிச்சு வைக்கேல்லை. விலகினவை எல்லாரும் இண்டைக்கும் என்ர வீட்டை வருகினம். அந்தத் தெருவிலை ஒண்டா இருந்திருந்தா வருவினமோ தெரியாது" என்றார். செத்தவீட்டில் பார்த்தேன், அவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

அவருடைய அரசியல் எனக்கு இன்றும் ஒத்துவரவில்லை. வரியைப் பற்றிக் கடைசிவரை சண்டைதான். ஆனால் விலகியவனும் எங்கட ஆள்தான் என்பதை இந்த மனிதர் எனக்குச் செய்து காட்டினார். அதை நான் வைத்துக்கொள்கிறேன். பெரிய நன்றி, அண்ணை.

நேற்று இஷொய்க்குத் தொலைபேசி எடுத்தேன். என் பெயரைச் சொன்னேன். மறுமுனையில் தொலைக்காட்சியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். பிறகு என் அண்ணன், "சொல்லடா" என்றார்.