ஆறாம் வார்த்தை

சேலையூரில் ஞானஜோதி டீச்சரை அறியாதவர் குறைவு. முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்றவர். சபையின் பாடகர் குழுவில், பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோ வரிசையின் தூண். போதகரே ஆனாலும் ஜெபத்தை நீட்டினால் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தயங்காதவர்.

பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை நடைபெறும் ஆராதனையில், சிலுவையில் இயேசு மொழிந்த ஏழு வார்த்தைகளைக் குறித்துச் சபையார் எழுவர் ஆளுக்கொன்றாகப் பேசுவது வழக்கம். இவ்வாண்டு டீச்சருக்கு ஆறாம் வார்த்தை. ‘முடிந்தது’ என்று, மீட்பின் வேலை நிறைவேறிவிட்டதை அறிவிக்கும் வார்த்தை அது.

‘மனிதர் தம் பாவத்துக்குத் தாமே ஈடு செய்ய இயலாது. அந்த ஈட்டை இயேசு செய்து முடித்துவிட்டார். பெற்றுக்கொள்வது மட்டுமே நம் பங்கு’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எதிரே, பாடகர் குழுவில் உடன் பாடும் ஜோவிதாவுக்கென்று அரைத்த இட்லிப்பொடி ஆறிக்கொண்டிருந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், பாட்டுப் பயிற்சியின்போது, “டீச்சர், உங்களுக்கு ஸ்ருதி இறங்குது” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னவள் ஜோவிதா. அதே வாரத்தில், ஜோவிதாவுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாயார், பெண்ணைப் பற்றி விசாரிக்கப் பொழிச்சலூரிலிருந்து டீச்சருக்குத் தொலைபேசினார். “பொண்ணு தங்கம்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்” என்று சொல்லிய டீச்சர், ஒரு சிரிப்பையும் சேர்த்துவிட்டார். சம்பந்தம் தட்டிப்போயிற்று. அதன்பின் ஜோவிதாவுக்கு எந்த வரனும் அமையவில்லை. அன்றுமுதல் மாதந்தவறாமல் பொடி, ஊறுகாய். அவள் தாயார் மருத்துவமனையில் கிடந்தபோது மூன்று வேளையும் சாப்பாடு. உண்மையை மட்டும் டீச்சர் கொடுக்கவேயில்லை.

“என்ன ஜோதி, ஒரு மணி நேரமா முதல் பக்கத்துலயே நிக்கிற?” என்றார் கணவர் ஆபேல்.

“நானே இன்னும் ஈடு செஞ்சுக்கிட்டிருக்கேங்க. எல்லாம் செஞ்சு முடிச்சாச்சுன்னு எந்த வாயால பேசுவேன்?”

“அப்போ அஞ்சாம் வார்த்தையை மாத்திக் கேளு. தாகத்தைப் பத்தினது. நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி வராத கதையைச் சொல்லிட்டு இறங்கிடலாம்.”

டீச்சர் சிரித்தார், உடனே கண் கலங்கினார். சொன்னால் ஜோவிதாவை இழக்க நேரிடும். சொல்லாவிட்டால் பிரசங்க மேடையில் பொய்யராக நிற்க வேண்டும்.

மறுநாள் மாலை மாடம்பாக்கத்துக்குப் பேருந்து ஏறினார். வங்கியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஜோவிதாவிடம், நின்றவாறே அனைத்தையும் சொல்லி முடித்தார்.

“வாய் நீளம்னு சொன்னீங்களா?”

“ஆமாம்மா.”

“அது உண்மைதான். சிரிச்சீங்களா?”

“சிரிச்சேன்.”

உள்ளே குக்கர் இருமுறை கூவி ஓய்ந்தது. “அந்தச் சம்பந்தம் போனப்போ அம்மா ஒரு மாசம் சரியா சாப்பிடல டீச்சர். நான் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, என்கிட்ட என்ன குறைன்னு தேடிட்டிருந்தேன்.”

“என்ன செஞ்சா சரியாகும்? சொல்லும்மா, எதுவானாலும் செய்யறேன்.”

“எது செஞ்சாலும் சரியாகாது. பொடி வேணாம், ஊறுகாய் வேணாம். ஒண்ணும் செய்யாம இருங்க. உங்களுக்கு அதுதான் கஷ்டம்.” ஜோவிதா வாசல் கதவைத் திறந்துவிட்டாள். “மன்னிச்சுட்டேன்னு இன்னைக்குச் சொல்ல வரல. போயிட்டு வாங்க.”

பெரிய வெள்ளியன்று டீச்சர் தாள் ஏதுமின்றி மேடையேறினார். தாம் ஒருவருக்குத் தீங்கு செய்ததையும், அதைப் பதினோரு ஆண்டுகள் உழைத்தும் அழிக்க இயலாமற்போனதையும் பெயர் குறிப்பிடாமல் சொன்னார். தம்மால் இயலாததைக் கிறிஸ்து செய்து முடித்தார் என்பதை இந்த வாரந்தான் நம்பத் தொடங்கியிருப்பதாகக் கூறி, நான்கே நிமிடங்களில் இறங்கிவிட்டார்.

தம் வரிசைக்குத் திரும்பியபோது, முன்வரிசையிலிருந்து ஜோவிதா சற்றே பின்புறம் சாய்ந்தாள்.

“மன்னிச்சுட்டேன் டீச்சர்.”

பதிலுக்கு ஏதேனும் சொல்ல வேண்டும், ஏதேனும் செய்ய வேண்டும் என்று உள்ளே ஒரு பரபரப்பு எழுந்தது. டீச்சர் அதை அடக்கிக்கொண்டு, தலையை மட்டும் அசைத்து அமர்ந்தார். ஏழாம் வார்த்தைக்குரியவர் மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.