புளிக்காத இலையும் என் கடைசி ஆசைகளும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு மாசி மாதம், கொல்லிமலையில் பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு நான் செத்துப்போனேன். கொஞ்ச நேரம்தான். ஆனாலும் செத்தது செத்ததுதானே!

அப்போது நான் அடிவாரத்து ஊர் ஒன்றில் சயன்ஸ் வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு மைக்ராஸ்கோப் வந்திருந்தது. செடியின் செல்லையும், அதன் நடுவே பெரிதாக உட்கார்ந்திருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பையையும் பையன்களுக்குக் காட்ட வேண்டும். அதற்கு ரணகள்ளி இலை தோதானது. ஓரத்தில் குட்டி போடுமே, அந்தத் தடித்த இலைதான். தோல் சுலபமாக உரியும். ஊரில் எல்லாம் காய்ந்துகிடந்தது. அதனால் புளியஞ்சோலை வழியாக மலையேறி, மேலே வாழவந்தி நாடு என்ற ஊரில் எனக்குப் பழக்கமான ஒரு குடியானவர் வீட்டில் தங்கினேன்.

விடிந்ததும் பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் பாறை ஓரத்தில் அந்தச் செடி புதராக நிற்கிறது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாத வாய். ஒரு இலையைக் கடித்துப் பார்த்தேன். பச்சைப் புளியங்காய் தோற்றுப்போகும்! இறுக மூடிக்கொண்ட ஒரு கண் திறக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

பகலெல்லாம் குடியானவரோடு காடு சுற்றிவிட்டு, திரும்பி வந்து அதே பாறை ஓரத்தில் இலை பறித்துக்கொண்டிருந்தேன். கணுக்காலுக்கு மேலே சுருக்கென்றது. சருகுக்குள் சரசரவென்று ஏதோ ஓடியது. குனிந்து பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ரத்தப் புள்ளிகள்.

நான் போட்ட சத்தத்தில் குடியானவர் ஓடிவந்து, துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினார். "பதறாதீங்க வாத்தியாரே, பதறாதீங்க" என்றார். அவர் போட்ட முடிச்சுத்தான் இரண்டு தடவை அவிழ்ந்துபோயிற்று.

எங்கள் பக்கத்தில் பாம்பு கடித்தவனை வேப்பிலை மெல்லச் சொல்வார்கள். கசந்தால் பயமில்லை, கசக்காவிட்டால் விஷம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். அங்கே பக்கத்தில் வேப்பமரம் இல்லை. ஆனால் நான் சயன்ஸ் வாத்தியார் ஆயிற்றே! வேம்பு எதற்கு? காலையில் நாக்கை உரித்தெடுத்த செடி கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஒரு இலையைப் பறித்து வாயில் போட்டேன்.

சப்பென்று இருந்தது.

இன்னொன்றைப் போட்டேன். வெறும் தண்ணீர். மூன்றாவது, நான்காவது என்று வெள்ளாடு மாதிரி மென்றேன். புளிப்பு என்ற ருசியே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. கைகால் குளிர்ந்தது. பேச்சுக் குழறியது. வாய் நிறைய இலை இருந்ததால்தான் குழறியது என்று அப்போது தோன்றவில்லை. அப்படியே பாறையில் சாய்ந்து, கடைசி ஆசைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். என் சம்சாரத்துக்குச் சொல்ல வேண்டியது முதலில் வந்திருக்க வேண்டும். எனக்கென்னவோ, "திருத்தாத பரீட்சைப் பேப்பருக்கெல்லாம் பாஸ் போட்டுடச் சொல்லுங்க" என்பதுதான் முதலில் வந்தது. குடியானவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அந்த நேரத்தில் அவர் மனைவி தலையில் புல்லுக்கட்டோடு வந்தார். "ஏனுங்க, வாத்தியாரு எதுக்குங்க படுத்துக்கிட்டு இலையத் திங்கறாரு?"

விஷயத்தைக் கேட்டதும் கட்டைக் கீழே போட்டுவிட்டு, அவரும் ஒரு இலையைப் பறித்து நிதானமாக மென்றார். "எனக்குந்தான் புளிக்கலீங்க. அப்ப என்னையும் பாம்பு கடிச்சுப்போட்டுதுங்களா?"

குடியானவர் அவசர அவசரமாகத் தன் வாயிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். "அடியே, எனக்கும் புளிக்கலடி" என்றார், முகம் வெளுத்து.

"அட சாமிகளா! இது விடியால புளிக்கும். வெயில் ஏற ஏறச் சப்புன்னு போயிரும். எப்பவும் ஒரே ருசியா இருக்கறதுக்கு அது என்ன உப்புக்கல்லா?" என்று சொல்லிக்கொண்டே என் காலைப் பிடித்து இழுத்து ரத்தத்தைத் துடைத்தார். நகத்தால் நெம்பினார். வெளியே வந்தது களாச்செடியின் கவட்டை முள், இரண்டு நுனியோடு. சருகில் ஓடிய ஓணான் பாறைமேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

உயிர் வந்துவிட்டது, குழப்பம் போகவில்லை. ஒரே செடி, ஒரே நாள், இரண்டு ருசி எப்படி? அந்த அம்மாள் சொன்னதை நம்பாமல் மறுநாள் விடியற்காலையில் கடித்தேன். கண் மூடிக்கொண்டது. மத்தியானம் கடித்தேன். சப்பென்று இருந்தது. ஊருக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் காலேஜில் தாவரப் பாடம் நடத்தும் ஒருவருக்குக் கடிதம் எழுதினேன். அந்த இலை ராத்திரி முழுவதும் புளிப்பை உண்டாக்கித் தன் வாக்குவோலில் சேர்த்து வைக்கும், பகல் வெளிச்சத்தில் எடுத்துச் செலவழித்துவிடும் என்று பதில் வந்தது.

கரும்பலகையில் வருஷா வருஷம் வட்டம் போட்டு, "இது செடியின் சேமிப்புப் பை" என்று ஒப்பித்தவன் நான். சேர்த்து வைத்தது செலவாகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. புல்லறுக்கப் போகும் ஒருவர் மென்று பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்.

இப்போதும் யாராவது ஒன்றை அடித்துச் சொன்னால், "நீங்கள் பார்த்தது எந்த வேளையில்?" என்று கேட்கத் தோன்றுகிறது, அடித்துச் சொல்வது நானாக இருந்தால் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறேன்.