ஊதிவிட்டு வந்த டெரன்ஸ்

டெரன்ஸ் குடித்துவிட்டுப் போலீசில் மாட்டிக்கொண்டான் என்ற செய்தி சாந்தோம் முழுக்கப் பரவ ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. பரப்பியவன் அவனுடைய உயிர் நண்பன் காஸ்பர். உயிர் நண்பர்கள் வேறு எதற்கு இருக்கிறார்கள்?

டெரன்ஸுக்குப் பிறவியிலேயே தலசீமியா. அப்பாவும் அம்மாவும் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்த சீதனம். உடம்பில் தானாகப் போதிய ரத்தம் ஊறாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊரார் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு, முப்பத்தாறு வயதில் கோபாலபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோளம் நடத்துகிறான். "என் உடம்புல ஓடாத ஜாதி இல்ல" என்று பெருமை வேறு பீற்றிக்கொள்வான்.

கொஞ்ச நாளாக மூச்சு வாங்கியது. அதை மறைப்பதில் ஆள் கெட்டிக்காரன். மாடிப்படி நடுவில் நின்று போனில் ஏதோ அவசரச் செய்தி படிப்பான். நீளமான பாடம் வந்தால் பிள்ளைகளைப் படிக்கவிட்டு, "உச்சரிப்பு சரியில்ல, மறுபடியும் படி" என்பான்.

அவனுக்கு ரத்தம் ஏற்றும் டாக்டர் அம்மாவிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. அடையாற்றில் ஒரு பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். அங்கே மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைத் திணித்து, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்!" என்று ஒரு பெண் கத்தினாள். கண் பிதுங்க ஊதினான். ஏற்றுகிற ரத்தத்தோடு உடம்பில் இரும்பும் சேர்ந்துபோகிறது, அது நுரையீரலையும் விட்டுவைக்கவில்லையோ என்று சந்தேகம், எப்படியிருந்தாலும் நுரையீரல் முழுசாக விரியவில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். "கோவில்ல பாடலாம். ஆனா மூச்சைப் பிடிச்சு வீரம் காட்டாதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

வாசலுக்கு வரும்போதே காஸ்பரின் போன்.

"எங்கடா கீற?"

"அடையாறுல. ஊத வெச்சுட்டாங்க மச்சி. ரீடிங் படுமோசம்."

காஸ்பரின் குரல் எகிறியது. "அடப்பாவி, தவக்காலத்துலயாடா குடிச்சுட்டுப் போலீஸ்ல மாட்டுனே? பொறுக்கி!"

உண்மையைச் சொல்ல டெரன்ஸ் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் 'பாவம் டெரன்ஸ்'. பந்து விளையாடப் போனாலும் பாவம், பெண் பார்க்கப் போனாலும் பாவம். இன்றைக்குத்தான் ஒருவன் மனதார அவனைப் பொறுக்கி என்று சொல்லியிருக்கிறான். கேட்கவே குளுகுளுவென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வழக்கமாக நலம் விசாரிக்கும் சூசையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டெரன்ஸ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தான்.

அந்தக் குஷிக்கு ஆப்பு வைத்தவர் பாடகர் குழுவை நடத்தும் ஃப்ளோரன்ஸ் டீச்சர். பெரிய வெள்ளியன்று பாடும் தனிப்பாட்டு பல வருஷமாக டெரன்ஸுடையது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்காமல், அவனே பாடிச் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

"குடிகாரனுக்குப் பாட்டு கெடையாது. காஸ்பர் பாடட்டும்" என்றார் டீச்சர்.

காஸ்பர் பாடினால் ஆண்டவர் உயிர்த்தெழ மூன்றாம் நாள் வரை பொறுத்திருக்க மாட்டார். குடிகாரனாகவே இருந்தால் பாட்டு போகும். உண்மையைச் சொன்னாலும் போகும், ஏனென்றால் கடைசி அடியை ஒரே மூச்சில் இழுத்தாக வேண்டும். ஆனாலும் ஒத்திகை முடிந்ததும் போய் நின்றான்.

"டீச்சர், நான் குடிக்கல. ஊதினது ஆஸ்பத்திரியில. எனக்கு மூச்சு பத்தல."

சொல்லிவிட்டு, அந்தப் பழைய 'பாவ'த்துக்காகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"பொய்க்காரப் பயலே!" என்று சீறினார் டீச்சர். "நான் உனக்காக ஜெபமாலை உருட்டிக்கினு இருக்கேன், நீ குடிகாரன்னு ஊரை நம்பவெச்சு காலரைத் தூக்கிக்கினு திரியிறியா? மூச்சு பத்தலன்னா நடுவுல எடுத்துக்கோ. சுருதி மட்டும் போச்சு, தோலை உரிச்சுடுவேன்."

பெரிய வெள்ளி வந்தது. முக்கால்வாசிப் பாட்டு ஒழுங்காகப் போயிற்று. கடைசி அடியின் நடுவில் காற்று தீர்ந்தது. டெரன்ஸ் நிறுத்தினான். மெல்ல மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து தாழ்ந்த குரலில் எடுத்து முடித்தான். சுருதி அப்படியே நின்றது.

முன்வரிசையில் சூசையம்மா ஓவென்று அழுதாள். "நடுவுல தொண்டை அடைச்சுப்போச்சு பாரு, புள்ள குடியை விட்டு மனம் திரும்பிட்டான்!"

ஃப்ளோரன்ஸ் டீச்சர் பாட்டுத்தாளை மடித்துக்கொண்டே அவன் பக்கம் சாய்ந்தார். "நிறுத்தின எடம் நல்லா இருந்துச்சு. அடுத்த வருஷமும் அங்கேயே நிறுத்து."

பதினைந்து வயதைத் தாண்டமாட்டான் என்று ஒரு காலத்தில் டாக்டர்கள் சொன்ன பிள்ளை அவன். அடுத்த வருஷத்தை அவனிடம் இவ்வளவு சர்வசாதாரணமாக யாரும் பேசியதில்லை. பாடும்போது கலங்காத கண் அப்போதுதான் கலங்கியது.