பிசிறு வெட்டிய கட்டைவிரல்

எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் இருந்ததில்லை. அம்மாவின் வலது கட்டைவிரல் இருந்தது.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் வேதக்காரக் குடும்பங்கள். பள்ளிக்கோ வேலைக்கோ கிளம்பும் பிள்ளையின் நெற்றியில் தாய் கட்டைவிரலால் சிலுவை போட்டுத்தான் அனுப்புவாள். மற்றத் தாய்மார் போட்ட கையோடு அடுப்பங்கரைக்கு ஓடிவிடுவார்கள். என் அம்மாவின் விரல் மட்டும் சிலுவை முடிந்த பிறகும் ஒரு நொடி நெற்றியிலேயே நிற்கும். "சுடுதுடி, இன்னிக்கு ஸ்கூலு வாணாம்" என்று பையைப் பிடுங்கிக்கொள்வாள். கணக்குப் பரீட்சை அன்று நான் முனகி, இருமி என்ன நாடகம் போட்டாலும் அந்த விரலிடம் பலிக்காது. "ஜில்லுனு கீது. கெளம்பு" என்று தள்ளிவிடுவாள்.

அப்பா இறந்த பிறகு அம்மா திருவொற்றியூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். தைத்து முடிந்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்ட வேண்டும். பிசிறு வெட்டுவது என்பார்கள். காதில் கேட்டால் விளையாட்டு மாதிரி இருக்கும். கட்டைவிரலை அமுக்கு, விடு. அமுக்கு, விடு. நாள் முழுக்க அதுதான், வருஷம் முழுக்க அதுதான்.

பிசிறு வெட்டும் மேசையில் எல்லாப் பெண்களுக்கும் மணிக்கட்டு வலித்தது. யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. வெயிலில் நடந்தால் வியர்க்கும், வேலை செய்தால் கை வலிக்கும், அவ்வளவுதான். ஆளுக்கொரு தைலப் புட்டி வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் அதையும் கூடாது என்றுவிட்டார். கடல் தாண்டிப் போகும் சட்டையில் தைல வாசனை வருகிறதாம். சட்டைக்கு இருந்த மரியாதை அதை வெட்டிச் சுத்தம் செய்த கைக்கு இல்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரே ஒரு நல்லது நடந்தது. சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, கைக்கு ஓய்வு கொடுக்க என்று அவ்வப்போது ஒரு பெல் அடிக்க ஆரம்பித்தார்கள். பெல் அடித்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்க வேண்டும். ஒரு நர்சம்மா வந்து செய்து காட்டினார். சுவரில் படம் ஒட்டினார்கள். விரல் மரத்துப்போனால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று அதில் நல்ல தமிழில் எழுதியிருந்தது. அம்மா வீட்டுக்கு வந்து எனக்கும் செய்து காட்டினாள். "கைக்கு டான்ஸு சொல்லிக் குடுக்குறாங்கடி" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் அந்த மேசைக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய குவியலும் தனியாகத் தேங்கி நிற்கக் கூடாது. பின்தங்கியவள் திட்டு வாங்குவதற்குள் மற்றவர்கள் அவள் சட்டைகளைப் பங்கு போட்டு முடித்துவிடுவார்கள். பெல் வந்ததும் அதற்குத் தோதாகப் போயிற்று. அம்மாவுக்குப் பக்கத்தில் எண்ணூரிலிருந்து வரும் ஒரு பெண் அப்போது மாசமாக இருந்தாள். பெல் அடித்ததும் அவளைக் காலை நீட்டி உட்காரச் சொல்லிவிட்டு, அவள் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள் அம்மா. அவள் பிரசவத்துக்குப் போனாள். அந்த இடத்துக்கு முட்டி வலிக்காரி ஒருத்தி வந்தாள். அப்புறம் வேலை பழகாத இன்னொருத்தி. ஓய்வுக்கு அடித்த பெல்லில்தான் அம்மாவின் கை அதிகமாக ஓடியது.

"அந்த நேரமாவது கைய சும்மா வெச்சிருந்தா இன்னாம்மா?" என்று சண்டை போட்டேன்.

"அவ திட்டு வாங்கிகினு நிக்க சொல்ல, நான் வெரலை ஆட்டிகினு இருக்கணுமா? போடி."

சுயநலக்காரி என்றால் திட்டித் தீர்த்து ஆறியிருப்பேன்.

விடியற்காலையில் எழுந்து, கையில் ஒட்டிய தண்ணீரை உதறுவதுபோல் உதறிக்கொண்டிருப்பாள். டம்ளர் நழுவியது. ரவிக்கைக் கொக்கியை நான் மாட்டிவிட வேண்டியிருந்தது. கேட்டால் "ஒண்ணியும் இல்ல, கம்முனு இரு" என்பாள். பிறகு ஒரு நாள் வலி நின்றுவிட்டது. அம்மா கோயிலுக்குப் போய் நன்றிக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். நானும் கூடப் போய் முழந்தாளிட்டேன். நரம்பு செத்துக்கொண்டிருந்ததற்கு இரண்டு பேரும் சேர்ந்து நன்றி சொல்லியிருக்கிறோம்.

கட்டைவிரலின் அடிச்சதை குழி விழுந்திருப்பதைப் பார்த்துப் பயந்துதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அந்தக் குழியை அழுத்திப் பார்த்தார்.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கு. வலி இருந்தப்பவே வந்திருக்கணும்மா."

"இப்ப வலியே இல்லியே டாக்டர்" என்றாள் அம்மா, சந்தோஷமாக.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆபரேஷன் செய்தார்கள். கத்தரி பிடிக்க முடியாததால் வேலை போயிற்று. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் காத்திருந்தோம்.

நான் இப்போது துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு ஆபீசில் நாளெல்லாம் மவுஸ் பிடிக்கிறேன். பக்கத்து மேசைக்காரி மணிக்கட்டைத் தேய்த்தால் கத்திவிடுவேன். எழுந்திரு, கையை நீட்டு, டாக்டரைப் பார், வேலையை அப்புறம் பார்க்கலாம். அங்கே எனக்கு டீச்சர் என்று பட்டப்பெயர். வைத்துக்கொள்ளட்டும்.

அம்மா இன்னும் தினமும் சிலுவை போடுகிறாள். இடது கையால் போடு என்றால் கோபம் வருகிறது. "பீச்சாங்கையால எவளாவது சிலுவை போடுவாளா?" விரலை உற்றுப் பார்த்துக் குறி வைத்து என் நெற்றிக்குக் கொண்டுவருகிறாள். பட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அதனால் கேட்பாள். "பட்டுச்சா?"

"பட்டுச்சும்மா."

போன மாதம் ஒரு காலை எழும்போதே எனக்கு உடம்பு அனலாக அடித்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கு ஒரு நப்பாசை. குளித்துக் கிளம்பி, வாசலில் அவள் முன்னால் வந்து நின்றேன். சிலுவை போட்டாள். விரல் பழைய வழக்கப்படி அந்த ஒரு நொடி நெற்றியில் நின்றது. பையைப் பிடுங்கமாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பட்டுச்சா?"

"பட்டுச்சும்மா."

"அப்ப கெளம்பு, பஸ்சு போயிடப் போவுது."

கொதிக்கும் நெற்றியோடு பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.