வைதேகி மூடச் சொன்ன ஃபோல்டர்

வைதேகி போய்விட்டாள். இன்று காலை, ஸ்ரீரங்கத்தில், அவள் வீட்டிலேயே.

செய்தி கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை... கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துவாக்குடி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் அட்மிஷன் ஆபீஸ். கல்லூரி வெப்சைட் அவள் பொறுப்பு.

காலேஜ் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்தில் ஏறுவாள். நான் கைலாசபுரத்தில் ஏறும்வரை பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு பஸ் முழுக்கச் சண்டை. சாதாரணமாக நம்மைப் போலத்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். "ஆள் வரா சார், வேற எடம் பாருங்கோ!"

ஒருநாள் அந்த பஸ்ஸில் ஒரு மாணவி அழுதுகொண்டே வந்தாள். பெயர் வேண்டாம்.

உடம்பு சரியில்லாமல் பரீட்சை எழுதாததால் மெடிக்கல் சர்டிபிகேட்டை வெப்சைட்டில் ஏற்றியிருக்கிறாள். என்ன நோய், என்ன மருந்து, எல்லாம் அதில் இருக்கிறது. அது வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

எப்படி என்று வைதேகி அன்றே கண்டுபிடித்துவிட்டாள். வெப்சைட்டில் ஒரு ஃபோல்டரின் முகவரியை மட்டும் அடித்தால், அதற்குள் இண்டெக்ஸ் என்ற பெயரில் ஒரு பக்கம் இருக்கிறதா என்று சர்வர் தேடும். இருந்தால் அதைக் காட்டும். இல்லையென்றால், காட்டாதே என்று நாம் சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லவில்லையா... உள்ளே இருக்கிற ஃபைல் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டிவிடும்.

சர்டிபிகேட் எல்லாம் போய்ச் சேரும் ஃபோல்டரை வெளியிலிருந்து வந்த ஒரு கம்பெனி போட்டுக் கொடுத்திருந்தது. இண்டெக்ஸும் இல்லை, தடையும் இல்லை. யாரோ ஒரு பையன் விளையாட்டாக முகவரியைப் பாதியில் வெட்டி அடித்திருக்கிறான். எல்லோருடைய சர்டிபிகேட்டும் வந்து நின்றிருக்கிறது.

எங்கள் இருவருக்கும் மேலே இருந்த பிரிவுத் தலைவரிடம் போனோம்.

"யாரும்மா அந்த அட்ரஸைப் போய் டைப் பண்ணப் போறாங்க?"

"பண்ணிட்டாங்க சார். அதனாலதான் வந்து நிக்கிறோம்."

சரி என்று ஒரு வெற்றுப் பக்கத்தை இண்டெக்ஸாகப் போடச் சொன்னார். போட்டாள். "பாருங்க, ஒண்ணும் தெரியலை. முடிஞ்சுது" என்றார்.

வைதேகி அந்தப் பெண்ணுக்கு வந்த வாட்ஸ்அப் லிங்க்கைத் தொட்டுக் காட்டினாள். சர்டிபிகேட் அப்படியே திறந்தது.

"லிஸ்ட்தான் சார் மறைஞ்சிருக்கு. லிங்க் தெரிஞ்சவனுக்கு ஃபைல் இன்னும் கெடைக்கும். எல்லாத்தையும் அங்கேருந்து வேற எடத்துக்கு மாத்தணும்."

"அடுத்த மீட்டிங்ல பாக்கலாம்."

மீட்டிங்... அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் காத்திருக்கவில்லை. அன்று மாலையே எல்லா ஃபைலையும் மாற்றினாள். மறுநாள் பரீட்சைப் பிரிவில் எதுவும் திறக்கவில்லை என்று கூச்சல். அனுமதி இல்லாமல் செய்தாள் என்று மெமோ. அவளைத் தூக்கி லைப்ரரியில் போட்டார்கள்.

அந்தப் பெண் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். திருவெறும்பூரில் அவள் வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். ரூமை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றுதான் வைதேகி பேசினாள்.

"இனிமே அதை யாரும் வெப்சைட்ல பாக்க முடியாதும்மா. நானே எடுத்துட்டேன்."

"போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கறவங்க, மேடம்?"

அந்தப் பெண் வேறு ஊரில் படிப்பை முடித்தாள் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் கல்லூரிக்கு அவள் திரும்பவே இல்லை.

இதெல்லாம் பழைய கதை என்றால் விட்டுவிடலாம்.

சமீபத்தில் கல்லூரிக்குப் புது வெப்சைட் வந்தது. வேறு கம்பெனி. வைதேகி அப்போது கிட்னி போய் டயாலிசிஸில் இருந்தாள். படுக்கையிலிருந்து எனக்குப் போன்.

"கவிதா, மறுபடியும் லிஸ்ட் காட்டறதுடி. அதே ஃபோல்டர்!"

உனக்கு இதெல்லாம் இப்போது தேவையா என்று திட்டினேன். திட்டிவிட்டுப் பார்த்தால்... காட்டியது, இப்போது படிக்கிற பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளை. அவள் மெயில் போட்டாள், நான் போட்டேன். தலைவரிடம் நேரிலும் போய்ச் சொன்னேன். "சொல்லியிருக்கோம், செஞ்சிடுவாங்க." அவ்வளவுதான்.

இன்று காலை செய்தி வந்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அதே வெப்சைட்டின் முகப்பில் அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி வேறு!

அவள் வீட்டு வாசலில் அதே பிரிவுத் தலைவர் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். நேராகப் போனேன்.

"சார், அந்த ஃபோல்டர் இன்னும் திறந்து கெடக்கு. இப்பவே கம்பெனிக்குப் போன் பண்ணுங்க."

"எந்த எடத்துல என்ன பேசுறீங்க கவிதா? நாளைக்குப் பாக்கலாம்."

"இல்ல சார். நீங்க பண்ற வரைக்கும் உள்ள விடமாட்டேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாலையை டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போன் செய்தார். நகராமல் நின்றேன்.

மூடிவிட்டோம் என்று கம்பெனியிலிருந்து பதில் வந்ததும் என் போனில் ஃபோல்டர் முகவரியை அடித்தேன், அனுமதி இல்லை என்று வந்தது. ஃபைல் லிங்க்கைத் தொட்டேன், அதுவும் திறக்கவில்லை. இனி யாருக்கும் ஆபத்தில்லை என்பதால்தான் இதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே போனதும் அவள் கணவர் கேட்டார். "ஏம்மா வெளியிலயே நின்னுண்டிருந்தேள்?"

"ஒரு வேலை இருந்துச்சு சார். இப்பதான் முடிஞ்சுது."

"ஃபோல்டரா? நேத்திக்குக்கூட அதையேதான் கேட்டுண்டிருந்தா..."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

மூடியாச்சு வைதேகி. போயிட்டு வா.