லென்ஸின் மேல் மீன்கொத்தி

அந்தமானுக்குப் பறவை பார்க்கப் போன எங்கள் குழுவில் ஆவடிக்கார அம்மா ஒருவர் இருந்தார். புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருப்பார். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

மீன்கொத்தியைப் படமெடுக்க அம்பத்தூரிலிருந்து முழங்கை நீள லென்ஸைச் சுமந்து போயிருந்த நான், கேமராவில் கண்ணை ஒட்டிக்கொண்டு காலை முழுவதும் உப்பங்கழியின் எதிர்க்கரையைத் துழாவினேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

திரும்பும் படகில் அந்த அம்மா தன் போனை நீட்டினார். படத்தில் நான் எதிர்க்கரையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் லென்ஸின் நுனியிலேயே ஒரு மீன்கொத்தி!

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ திரும்புவ நைனா, அது பூடும். உன்ன கட்டைனு நம்பி உக்காந்துகினு இருந்துது, பாவம்."

அந்தப் படத்தைத்தான் வீட்டில் மாட்டியிருக்கிறேன். பறவையை மட்டும் எடுத்திருக்கலாம். என் திறந்த வாயையும் சேர்த்து ஏன் எடுத்தார் என்பதுதான் இன்னும் புரியவில்லை.