தலையில் அடித்த சத்தியம்

என் அப்பா சுருட்டை விட்ட கதையைச் சொல்வதென்றால், எந்தத் தடவை விட்ட கதை என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு விவரம் தெரிந்த பிறகே நான்கு முறை விட்டிருக்கிறார். ஒரு முறை கீரனூர்ச் சந்தையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "விட்டாச்சுல்ல!" என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாரும் மெச்சினார்கள். மெச்சியதில் மனம் நிறைந்துபோய், சந்தையைத் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைத்துவிட்டார். இன்னொரு முறை, ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று ஆவணிக்குத் தள்ளினார். ஆவணியில் உழவு வந்துவிட்டது. உழுகிறவன் சுருட்டில்லாமல் எப்படி உழுவான்?

நான் சொல்ல வந்தது ஐந்தாவது தடவை. அதில் என் தலையும் சம்பந்தப்பட்டிருந்தது.

யுத்த காலம் அது. குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் எங்கள் ஊர். எனக்கு ஒன்பது வயது. அந்த மார்கழியில் அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவர் இருமினால் தொழுவத்தில் மாடு எழுந்து நிற்கும். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, நெஞ்சு சூளையாகக் கிடக்கிறது, சுருட்டை விட்டால்தான் மருந்து கேட்கும் என்று சொல்லிவிட்டார். ஆத்தா அன்று முழுக்க அழுதாள்.

அடுத்த வீடு பெரியப்பாவுடையது. உடம்பு விசாரிக்க வந்தவர், "ஒன்னால ஆகாதுப்பா, வீணா எதுக்குச் சொல்லிக்கிட்டுத் திரியிறே?" என்றார்.

அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த என்னை, "இங்கிட்டு வா தாயி" என்று கூப்பிட்டார். போனேன். உச்சந்தலையில் தன் பெரிய உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"பெத்த புள்ள தலையில அடிச்சுச் சொல்றேன். இனிமே தொட்டா நான் மனுசனில்லை."

"ஐயையோ, புள்ள தலையிலயா!" என்று ஆத்தா ஓடிவருவதற்குள் சத்தியம் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த சுருட்டுக் கட்டை எடுத்து, குப்பைக்குழியில் போடும்படி ஆத்தாவிடம் கொடுத்துவிட்டார்.

எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நிலம், மாடு, குலசாமி என்று எத்தனையோ இருக்க, என் தலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரே! மறுநாள் பெரியப்பா மகள்தான் விஷயத்தை விளக்கினாள். "சித்தப்பா மட்டும் சுருட்டுக் குடிச்சாகன்னு வையி, நீ செத்துப்போயிருவே."

அன்றிலிருந்து நான் அப்பாவின் நிழலானேன். அவர் வரப்பில் நடந்தால் நானும் நடந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக அவர் துண்டை மோந்து பார்ப்பேன். பிறகு அவர் முன்னால் போய் நின்று, "ஊதுங்கப்பா" என்பேன். பாவம், குனிந்து ஊதுவார். வெற்றிலை வாசம் மட்டும் வரும். அன்றைக்கு என் உயிர் தப்பியது என்று விளையாடப் போவேன்.

பத்தே நாளில் இருமல் குறைந்தது. அப்பா இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார். அவர் முகத்தில்தான் களையில்லை. முன்பெல்லாம் வயலிலிருந்து வந்ததும் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். ஆத்தா முறத்தோடு வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். இப்போது அப்பா கல்லில் உட்கார்வார், கையை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொள்வார், எழுந்துவிடுவார். சாப்பிடுவார், படுத்துவிடுவார். ஆத்தா ஏதாவது சொன்னால் "ம்" என்பார். ஒரு நாள் அவள் பசுமாட்டிடம், பெரியம்மா புதுப்பானை வாங்கிய கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

தை மாதக் கடைசியில் ஒரு நாள். பெரியப்பா வீட்டில் விளையாடிவிட்டுப் பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பினேன். வைக்கோற்போருக்குப் பின்னாலிருந்து அந்த வாசம் வந்தது. தப்பவே முடியாத வாசம். மெல்லப் போய் எட்டிப் பார்த்தேன்.

அப்பா வாயில் சுருட்டு. பக்கத்தில் கொட்டாங்கச்சியில் நெருப்பு. எதிரே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆத்தா. அவள் ஏதோ சொல்ல, அப்பா புகைக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் சத்தம் போடவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைக் கொல்லத் துணிந்துவிட்டார்கள். இனிக் கூச்சல் போட்டு என்ன ஆகப்போகிறது? வீட்டுக்குள் போய்ப் பாயை விரித்தேன். பாவாடையைக் கால்வரை இழுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சாவு வரட்டும் என்று படுத்துவிட்டேன்.

விளக்கு வைக்க வந்த ஆத்தா பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"என்ன தாயி, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்றார் அப்பா.

"நான் சாகப்போறேன். நீங்க சுருட்டுக் குடிச்சதப் பாத்துட்டேன்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் தலையைத் தொட வந்த கை பாதியில் நின்றுவிட்டது. தொடக்கூட அவருக்குப் பயம்.

"அவுகளச் சொல்லாதடி" என்றாள் ஆத்தா. "நாந்தான் எடுத்துக் குடுத்தேன். குப்பையில போடச் சொன்ன கட்டை எரவானத்துல செருகி வச்சிருந்தேன். அவுக கேக்கவே இல்லை."

"நீ ஏன் குடுத்தே?"

ஆத்தா விளக்குத் திரியைத் தூண்டினாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த திரி அது. "ஊமையா உக்காந்திருந்தாக, அதான்" என்றாள்.

இது ஒரு காரணமா? அவளே வருஷக்கணக்காய் அந்த நாற்றத்தை வைதவள். அவளே வைத்தியர் சொன்னதைக் கேட்டு அழுதவள். என் உயிரைப் பணயம் வைத்து, பேசாதிருந்த மனிதருக்குச் சுருட்டை நீட்டியிருக்கிறாள்!

பெரியப்பாதான் வழி சொன்னார். "தலையில அடிச்ச சத்தியத்துக்குத் தலைமுடியக் குடுத்துருங்க. விராலிமலைக்குக் கூட்டிப் போங்க, சாமி ஏத்துக்கும்." மறுநாள் விடியுமுன் வண்டி பூட்டினார்கள். வழிநெடுக நான் செத்துவிடாமல் இருக்கிறேனா என்று அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மலையடியில் எனக்கு மொட்டை அடித்தார்கள். நான் கேட்காமலே அப்பாவும் அடித்துக்கொண்டார். சந்தனம் பூசிய இரண்டு தலைகளும் படியேறி, சாயங்கால பூஜைக்குப் போய் நின்றன.

விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைப்பார்கள் என்பது எங்கள் சீமை முழுக்கத் தெரிந்த சங்கதி. பெரியப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். இருந்த பதற்றத்தில் ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை. தீபாராதனை முடிந்தது. குருக்கள் அப்பாவின் ஏந்திய கையில் விபூதியைப் போட்டார். அதன்மேல், சாமிக்குப் படைத்த ஒரு சுருட்டையும் வைத்தார்.

அப்பா திருடனைப்போல் விழித்தார். வேண்டாமென்றால் பிரசாதத்தை மறுத்த பாவம். வாங்கிக்கொண்டால்? என் பக்கம் குனிந்து, "தாயி, நீ சொல்லு" என்றார்.

நான் தலையைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று, குளிர்ச்சியாக, ஒரு சத்தியமும் ஒட்டியிராமல் இருந்தது. "சாமியே குடுத்ததுதானே. வச்சுக்கங்க" என்றேன். ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அப்பா விடுவதாகச் சொல்லவும் இல்லை, விடவும் இல்லை. நாளுக்கு ஒன்று, பொழுது சாயும்போது, அவ்வளவுதான். இருமலும் அவரோடு சமாதானமாகப் போய்விட்டது. பேரன் பேத்தி எடுத்த பிறகும், "ஒரு சுருட்டை விட முடியலையே என்னால" என்று தன்னைத்தானே நொந்துகொள்வார். "நான் அப்பவே சொன்னேன்" என்பார் பெரியப்பா. மனத்திடம் போதவில்லை என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். ஆத்தா மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டதே இல்லை.

அன்று மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்து மண்டபத்தில் தங்கினோம். கட்டுச்சோறு தின்றதும் எனக்குக் கண் சொக்கியது. ஆத்தா யாரிடமோ நெருப்பு வாங்கி வந்தாள். அப்பா பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பற்றவைத்தார். ஆத்தா தூணில் சாய்ந்து, பெரியம்மாவின் புதுப்பானைக் கதையை முதலிலிருந்து தொடங்கினாள். "அப்பறம்?" என்றார் அப்பா. நான் இருவருக்கும் நடுவே துண்டை விரித்தேன்.

"கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் படு தாயி" என்றாள் ஆத்தா.

புகை எனக்கு ஆகாது என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தள்ளிப் படுத்தேன்.